கீழே பிடிக்கிற ஆள்

குளித்துக்கொண்டிருந்தபோது சோப்பு கைநழுவி விழுந்தது. விழுந்த சோப்பையே பார்த்துக்கொண்டு கிரேன் நின்றான். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் குனிய வேண்டுமே. குனிவதும் கிணற்றில் குதிப்பதும் அவனுக்கு இப்போது ஒன்றுதான். கடைசியில் சோப்பைக் காலாலேயே சுவரோரம் தள்ளிவிட்டு, வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை.

கிரேன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. ஒருநாள் துணி துவைக்கிற மெஷினைத் தனி ஆளாக முதுகில் ஏற்றி மூன்றாம் மாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மூச்சுகூட வாங்காமல் "அடுத்தது எங்க?" என்று கேட்டான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவனுடைய உண்மைப் பெயர் சம்பளம் போடும் நாளில் மட்டும் நினைவுக்கு வரும்.

அந்த வேலையில் பெரிய சாமான்களைப் படியில் இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே பிடிப்பான், ஒருவன் கீழே பிடிப்பான். பாரம் பூராவும் கீழே பிடிக்கிறவன் மேல்தான் வரும். போதாக்குறைக்கு அவன் பின்பக்கமாக இறங்க வேண்டும். அவன் மூக்குக்கு நேரே பீரோவின் பலகைதான் இருக்கும். படியும் தெரியாது, திருப்பமும் தெரியாது. மேலே நிற்பவன் எட்டிப் பார்த்து, "படி இருக்கு, இன்னொரு படி, தரை வந்தாச்சு" என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பி இவன் காலைப் பின்னால் வைப்பான்.

மேலே நிற்பவனுக்கு இன்னும் இரண்டு பொறுப்பு உண்டு. தூக்குவதற்கு முன்னால் கதவுகள் திறந்துகொள்ளாதபடி கயிறு போட்டுக் கட்ட வேண்டும். கையை எடுப்பதற்கு முன்னால் "வைக்கிறேன்" என்று குரல் கொடுத்து, கீழேயிருந்து "வை" என்று பதில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். சொல்லாமல் கையை எடுத்தவன் அதற்குப் பிறகு படிப்பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. மற்ற விஷயங்களில் வளைந்து கொடுக்கிற முதலாளி, இந்த ஒன்றில் மட்டும் சொந்த மகனாக இருந்தாலும் பார்க்க மாட்டார்.

கீழே எப்போதும் கிரேன். மேலே எப்போதும் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே கிரேன்தான். "பையன் கொஞ்சம் அசட்டைதான் முதலாளி, ஆனா நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் நின்று வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரும் படியில் இறங்குவதைப் பார்த்தால் ஒரே ஆள் நான்கு கையோடு இறங்குவது போல இருக்கும் என்று லாரி டிரைவர் சொல்வார்.

அந்த நாள் அவனுக்கு இப்படித்தான் நினைவிருந்தது. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பெரிய பீரோ. இரண்டாம் மாடித் திருப்பம். "படி இருக்கு மாமா" என்றான் மச்சினன். இவன் கால் வைத்தான். டப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மொத்த பீரோவும் இவன் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. இடுப்பில் யாரோ கம்பியைக் காய்ச்சி வைத்தது போல ஒரு சுரீர். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் விடவில்லை. சுவரோடு சாய்த்துத் தாங்கிக்கொண்டே நின்றான். டிரைவர் ஓடிவந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் படியிலேயே சரிந்தான்.

"மாமாவுக்குக் கால் வழுக்கிடுச்சு! ஐயோ, மாமாவுக்குக் கால் வழுக்கிடுச்சு!" என்று மச்சினன் கத்தினான். டிரைவரிடம் கத்தினான், வீட்டுக்காரரிடம் சொன்னான், முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த கிரேனும் கேட்டான். சரி, கால் வழுக்கிவிட்டது போல என்று நம்பிவிட்டான். கூட நின்றவன் சொல்கிறான், அதுவும் சொந்த மச்சினன். நம்பாமல் என்ன செய்வது?

எலும்பு முறியவில்லை, ஆபரேஷன் தேவையில்லை, படுத்தே கிடக்காமல் நடமாட வேண்டும், வயதுக்குத் தகுந்த தேய்மானம் கொஞ்சம் இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் இருந்தவர்கள் காதில் விழுந்தது தேய்மானம் மட்டும்தான். அது அன்றிலிருந்து வாடகை கொடுக்காத விருந்தாளி மாதிரி வீட்டிலேயே தங்கிவிட்டது.

முதலாளி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"யாராவது தள்ளி விழுந்தா பரவாயில்ல, கிரேன். தானா கால் வழுக்கற ஆளைக் கீழ நிறுத்த எனக்குத் தைரியம் வராது. உனக்கும் ஆபத்து, மத்தவனுக்கும் ஆபத்து. சரியானதும் வா. தட்டு, டம்ளர் எல்லாம் காகிதம் சுத்தற வேலை போட்டுத் தரேன்."

கிரேன் தலையை ஆட்டினான். அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதான். வலிக்காகக்கூட அவன் அழுததில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குப் பரம எதிரி அவன் இடுப்புதான். "துரோகி" என்று வாய்விட்டே திட்டுவான். "இத்தனை வருஷம் உன்னை நம்பித்தானே இருந்தேன், நட்டாத்துல விட்டுட்டியே" என்பான். அதைவிடக் காலின் மேல் கோபம். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஒவ்வொரு அடியையும் சந்தேகத்தோடு வைத்தான்.

மனைவி அவனை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். செருப்பை எடுத்து வந்து காலடியில் வைப்பாள். பேனா விழுந்தால் பறந்து வந்து எடுப்பாள். "குனியாதீங்க" என்பது அந்த வீட்டின் தேசியகீதம் ஆனது. அவன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும்.

மச்சினனும் குறை வைக்கவில்லை. சாயங்காலம் ஆனால் ஆஜர். இடுப்புக்கு பெல்ட் வாங்கி வந்தான், ஒத்தடப் பை வாங்கி வந்தான், தைலம் தேய்த்துவிட்டான். மண்டியிட்டு உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிவிட்டான். "மச்சினன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஊரெல்லாம் சொன்னாள். கிரேனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கூடப்பிறந்த தம்பி இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பானா என்று நினைத்து அவன் கண் கலங்கியதும் உண்டு.

டாக்டர் அனுப்பிய பயிற்சி அறையில் இருந்த பிசியோ அம்மாவுக்குக் கண்ணில் நீர், பெருமூச்சு இதெல்லாம் பிடிக்காது. முதல் நாளே பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள்.

"உங்க முதுகு பீங்கான் கிடையாது. வலிக்குதேன்னு அசையாம வெச்சிருந்தா அது இன்னும் இறுகிப் போகும். நடங்க."

நடந்தான். முதலில் தெருமுனை வரை, பிறகு பஸ் நிறுத்தம் வரை, பிறகு பூங்காவை ஒரு சுற்று. தரையில் மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் மேலே தூக்கினான். நான்கு காலில் நின்று பூனை மாதிரி முதுகை வளைத்தான். வாசல் வழியாக யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு கண் அங்கேயே இருக்கும். ஒருநாள் காலையில் தும்மலில் இடுப்பு பிடித்துக்கொண்டு, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனபோது, எல்லாம் போச்சு என்று வந்து நின்றான். "போகல. நடுவுல இப்படி வரும். நேத்து செஞ்சதுல பாதி செய்யுங்க" என்றாள் அவள். அவள் சொன்னபடியே அது இறங்கியும் போனது. நாளாக ஆக வலி குறைந்தது. உட்கார்ந்தால் எழுந்தான், படுத்தால் தூங்கினான்.

ஆனால் குனிய மட்டும் மாட்டேன் என்றான். அவள் ஒரு காலி அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்து, எடுக்கச் சொன்னாள். உள்ளே ஒன்றும் இல்லை, காற்றுதான். மெஷினைத் தூக்கியவன் அதன் முன்னால் நின்று வியர்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

"கால் வழுக்கிடும்மா. என் கால் என் பேச்சைக் கேக்காது. அன்னைக்கும் அப்படித்தான் திடீர்னு..."

"சரி, அன்னைக்கு எப்படி நின்னீங்க, காட்டுங்க."

ஒரு நாற்காலியை பீரோவாக வைத்துக்கொண்டு அவன் காட்டினான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எந்தக் கால் வழுக்குச்சு?"

அவன் யோசித்தான். வலதா, இடதா? தெரியவில்லை.

"எந்தப் பக்கம் விழுந்தீங்க?"

"விழலம்மா. தாங்கிக்கிட்டு நின்னேன். டிரைவர் வந்து வாங்கற வரைக்கும் நின்னேன்."

"அவ்வளவு பெரிய பீரோவோட படியில வழுக்கினவர் நின்னுக்கிட்டா இருப்பார்? பீரோ மேல, நீங்க கீழன்னு உருண்டிருப்பீங்க. உங்க காலும் நல்லாத்தான் நின்னிருக்கு, முதுகும் நல்லாத்தான் தாங்கியிருக்கு. அதுங்களைப் போய்த் திட்டறீங்களே. ம்ம், முட்டியை மடக்குங்க, பெட்டியை எடுங்க."

அவனுக்குத் தைரியம் கொடுக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. ஆனால் கிரேன் பெட்டியை எடுக்காமல் அப்படியே நின்றான். டப்பென்ற சத்தம் முதலில் கேட்டது. பாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு பாதமும் படியில் ஆணி அடித்த மாதிரி இருந்தன. அவன் வழுக்கியிருந்தால் பாரம் அவனை விட்டு விலகித்தான் போயிருக்கும், மேலேயிருந்து இப்படி வந்து இறங்கியிருக்காது. மேலே பிடித்திருந்த கை பிடிக்காமல் போனால்தான் பாரம் அப்படி வரும். இத்தனை வருடம் கீழே நின்றவனுக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் மச்சினன் பொய் சொல்வான் என்று நினைத்தால்தானே இதையெல்லாம் யோசித்திருப்பான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கால் வழுக்கல. உன் தம்பிதான் கையை விட்டிருக்கான்" என்றான்.

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் மடியிலேயே நின்றுவிட்டது. அவன் எதிர்பார்த்தது, "என்ன உளர்றீங்க?" என்று ஒரு சண்டை. அவள் கேட்டது வேறு.

"யாரு சொன்னாங்க?"

கிரேன் சுவரைப் பிடித்துக்கொண்டான். இடுப்பில் அன்று வந்த சுரீர் இதற்கு எவ்வளவோ தேவலை.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சட்டையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"கேக்கறேன்ல. தெரியுமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். கயிறு கட்ட மறந்துட்டானாம். கதவு திறந்து மூஞ்சில அடிச்சதும் பயந்து கையை எடுத்துட்டானாம். வெளிய தெரிஞ்சா முதலாளி விரட்டிடுவாருன்னான். அவனுக்கு அப்பத்தான் கைக்குழந்தை வேற. உங்களுக்கு எப்படியும் கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன். சரியானதும் சொல்லிக்கலாம்னு..."

"முதலாளி வந்து அந்த நாற்காலியில உக்காந்து, இனிமே நீ கீழ நிக்க வேண்டாம்னு சொன்னாரே. அப்ப நீ இதே வாசப்படியில டீயைக் கையில வெச்சுக்கிட்டு நின்னே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் என் காலைத் திட்டினப்ப? சுவரைப் பாத்து அழுதப்ப?"

அவள் அழ ஆரம்பித்தாள். அவனுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்று வருத்தமும் வரவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு "குனியாதீங்க"வும் இப்போது வரிசையாக வந்து காதில் விழுந்தது. அதைப் பாசம் என்றுதானே அவன் நினைத்தான்? பாசமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் எழுந்து நடமாடி, படியை நினைத்துப் பார்த்து, கணக்குப் போட்டுவிடுவானோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது. நோயாளியாகவே இருக்கிறவன் கேள்வி கேட்க மாட்டான் பாருங்கள்.

வழக்கம்போல் சாயங்காலம் மச்சினன் வந்தான். "மாமா, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், அக்காளின் முகத்தைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே செத்தது.

"உக்காரு" என்றான் கிரேன்.

அவன் உட்காரவில்லை.

"கயிறு கட்டாதது தப்பு. யார்தான் மறக்கல? கதவு மூஞ்சில அடிச்சா யாரா இருந்தாலும் கை தானா வரும். என் கையும் வந்திருக்கும். அதுக்கு உன்னைக் கேக்கலடா. கீழ விழுந்து கெடந்தவன் காலை எதுக்குடா குத்தம் சொன்ன?"

"வாயில வந்துடுச்சு மாமா. பயத்துல வந்துடுச்சு. ஒரு தடவை சொன்னப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

"என் ஷூவுக்கு நாடா கட்டினியே, அப்ப என் காலைப் பாத்துக்கிட்டேதான கட்டின? அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். குனிய முடிகிறவனுக்கு அது சுலபம்.

"நாளைக்குக் காலையில நீயே போய் முதலாளிகிட்ட சொல்ற. நான் வந்து பக்கத்துல நிப்பேன்."

"வேலை போயிடும் மாமா."

"அவனுக்குக் குழந்தை பொறந்திருக்குங்க" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்கு என்ன பொறந்திருக்கு, தேய்மானமா?" என்று கிரேன் கத்தினான். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மச்சினன் சொன்னான். முதலாளி கத்திய கத்தலில் ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. விரட்டவில்லை, கைக்குழந்தை காப்பாற்றிவிட்டது. ஆனால் படிக்கு இனி வரக்கூடாது, காகிதம் சுற்றிக்கொண்டு இரு என்றார். காகிதம் சுற்றக் கிரேனுக்கென்று வைத்திருந்த ஸ்டூலிலேயே மச்சினன் போய் உட்கார்ந்தான்.

"உடம்பு சரியாகட்டும். உன் இடம் உனக்குத்தான்" என்று முதலாளி கிரேனின் தோளைத் தட்டினார். அதைக் கேட்கத்தான் அவன் இத்தனை நாள் தவம் கிடந்தான். கேட்டபோது சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான்.

அதன் பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக எடை ஏறின. காலிப் பெட்டி போய், புத்தகம் நிரப்பிய பெட்டி வந்தது. முட்டியை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்கினான். தன் காலிடமும் இடுப்பிடமும் அவன் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்; பாவம், அவை ஒரு தப்பும் செய்யாமல் வசவு வாங்கியவை. வீட்டில் மனைவி சாப்பாடு வைப்பாள், அவன் சாப்பிடுவான். அவள் மன்னிப்புக் கேட்டாள், பல முறை கேட்டாள். "சரி" என்றான். சரி என்று சொன்னால் சரியாகிவிடுமா என்ன? "இனிமே வரவே வேண்டாம், போய் வேலையைப் பாருங்க" என்று பிசியோ அம்மா ஒருநாள் முதன்முறையாகச் சிரித்தாள்.

அவனுக்கு மேலே பிடிக்க முதலாளி போட்ட ஆளுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டான். படிகளை வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வருவான். கம்பெனியிலேயே மேலே பிடிக்க அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிரேன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு நான்காம் மாடியிலிருந்து ஒரு அலமாரி. ரேடியோ கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, "இழுத்துப் பாருங்கண்ணே" என்று கிரேனையே கூப்பிட்டுக் காட்டினான். கிரேன் இழுத்துப் பார்த்தான். இரும்பு மாதிரி இருந்தது.

தூக்கினார்கள். பாரம் வந்து உட்கார்ந்தது. இடுப்பு ஒரு முனகல்கூட முனகவில்லை. பழைய கிரேன்தான். முகத்துக்கு நேரே பழையபடி பலகை, பின்னால் கண்ணுக்குத் தெரியாத படி.

"படி இருக்குண்ணே. நல்ல அகலமான படி. வைங்க காலை."

கிரேன் காலைத் தூக்கினான். கால் பின்னால் போகவில்லை.

"படி இருக்குண்ணே" என்றது பலகைக்கு அந்தப் பக்கத்துக் குரல், கொஞ்சம் உரக்க.

இதே மாதிரி ஒரு குரலைத்தான் அவன் வருடக்கணக்காக நம்பினான். வீட்டில் இன்னொரு குரலை அதைவிட அதிகமாக நம்பினான். ரேடியோ நல்லவன், கயிறு இறுக்கமாக இருக்கிறது, படி அங்கேதான் இருக்கும். எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"அண்ணே, இடுப்பு வலிக்குதா? வெச்சிடலாமா?"

வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசையாக இருந்தது. வலி என்றால் போய் முறையிட ஒரு இடம் உண்டு. படுக்கலாம், நடக்கலாம், மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டு வரலாம்.

"வலி இல்லப்பா" என்றான். "படி இருக்குன்னியே, நெஜமாவா?"

ரேடியோ சிரித்தான். "படியை நான் எங்கண்ணே தூக்கிக்கிட்டுப் போகப் போறேன்?"

கிரேன் சிரிக்கவில்லை.

"சத்தியமா சொல்லு."

சிரிப்பு நின்றது. பிறகு எப்போதும் லொடலொடவென்று பேசுகிறவன், சின்னக் குரலில், "சத்தியமாண்ணே" என்றான்.

கிரேன் காலைப் பின்னால் நீட்டித் துழாவினான். படி இருந்தது. அடுத்த படிக்கும் அவன் சத்தியம் கேட்டான்.